தாண்டி வந்த வேதியியல்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் என் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று அண்ணன் மகளின் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல். மற்றொன்று அவள் விண்ணப்பிக்க நினைத்திருந்த மருத்துவக் கல்லூரி ஒன்றின் சேர்க்கை விதிகள். பட்டியலின் உச்சியில் பொது வேதியியல் ஒன்று, இரண்டு, ஆய்வகத்தோடு 8 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) என்று இருந்தது. மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் மதிப்பெண் இல்லை. பள்ளியில் எழுதிய ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற கல்லூரித் தரத் தேர்வின் மூலம் வந்த வரவு, அதாவது கல்லூரியில் படிக்காமலே கிடைத்த கிரெடிட், என்ற குறியீடு இருந்தது. விதித் தாளில் அவள் மஞ்சள் கோடு போட்டிருந்த வரி சொன்னது இதுதான்: தேர்வு மூலம் பெற்ற வரவை ஏற்போம், ஆனால் அதற்கு ஈடாக அதே எண்ணிக்கையில் மேல்நிலை வேதியியல் பாடங்களை (கல்லூரியில் பொது வேதியியலுக்கு மேலே உள்ளவற்றை) ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும்.

அவள் மூன்றாம் ஆண்டு தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. விண்ணப்பம் அடுத்த ஜூனில். அந்த விதிப்படி ஈடாகக் காட்டக் கையில் ஒரு பாடம்கூட இல்லை.

“ஏம்மா, பாஸ் செய்த பாடத்தை யாராவது திரும்பப் படிப்பார்களா? ஐந்துக்கு ஐந்து வாங்கியவளிடம் இன்னும் என்ன கேட்கிறார்கள்?” என்றார் அண்ணன். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. நான் இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பொது வேதியியல் நடத்துகிறேன். இந்த ஒரு கேள்வியோடு என் அறைக்கு வரும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சொந்த வீட்டிலேயே அது காத்திருந்தது என்பது எனக்கு வருத்தம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெயர்களையும், அவள் படித்த இடத்தையும் விட்டுவிட்டேன். மற்றவை நடந்தபடி.

பின்னணி

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேரே எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் பொதுவாக நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான் மருத்துவப் படிப்பு. ப்ரீமெட் என்று எல்லோரும் சொல்வது ஒரு பட்டத்தின் பெயரே அல்ல. வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம், இசை படித்தவரும் விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் போதும். அவற்றில் வேதியியலின் பங்குதான் பெரியது. வழக்கமான கணக்கு இப்படி: பொது வேதியியல் இரண்டு பருவம், கரிம வேதியியல் இரண்டு பருவம், இரண்டுக்கும் ஆய்வகம், அதன்மேல் உயிர்வேதியியல் ஒரு பருவம்.

இந்த எதிர்பார்ப்புக்கு நூற்றாண்டு வயதுக்கு மேல் ஆகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893-இல் திறக்கப் பெரும்பணம் கொடுத்த மேரி எலிசபெத் கேரெட், பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்பதோடு, சேர்பவர்கள் பட்டமும் அறிவியல் அடித்தளமும் பெற்றிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார். 1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடாவில் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேதியியலும் உயிரியலும் இயற்பியலும் கல்லூரி அளவில் படித்த பிறகே மருத்துவம் என்ற வாதம் அதற்குப் பின் நாடெங்கும் வேரூன்றியது. காசு கட்டினால் யாரும் மருத்துவராகலாம் என்றிருந்த காலத்தில் நோயாளிகளைக் காப்பாற்ற எழுப்பிய வேலி அது. இன்று அந்த வேலியில் கால் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போதும் அதன் தேவையை என்னால் மறுக்க முடிவதில்லை.

இனி ஏ.பி. தேர்வு. காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது, ஆண்டுதோறும் மே மாதம். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்துப் பாடத்தைப் படித்து எழுதுவது. 1 முதல் 5 வரை மதிப்பெண். வேதியியலில் 60 கொள்குறி வினாக்கள், 7 விரிவான வினாக்கள், மொத்தம் மூன்றே கால் மணி நேரம். பல பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 வாங்கியவர்களுக்குப் பொது வேதியியலை முடித்ததாக வரவு வைத்து, நேரே கரிம வேதியியலில் உட்கார விடுகின்றன. இதில் தவறு ஏதும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1989 முதலே நல்ல அடித்தளம் உள்ள முதலாண்டு மாணவர்களைக் கரிம வேதியியலில்தான் தொடங்கவைக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், வரவு வைப்பது பல்கலைக்கழகம். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மருத்துவக் கல்லூரி. இரண்டும் வேறு வேறு வாசல்கள். முதல் வாசலில் கொடுத்த டோக்கன் இரண்டாம் வாசலில் செல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் இது தெரியாது. அவர்கள் வளர்ந்த ஊரில் மதிப்பெண் பட்டியலில் ஏறியது ஏறியதுதான்.

பெண் கடந்து வந்த வழி

அவள் ஏ.பி. வேதியியல் படித்தது 2020–21 கல்வியாண்டில். அந்தப் பாடத்துக்குக் குறைந்தது 16 சோதனைகளைக் கையால் செய்திருக்க வேண்டும், வகுப்பு நேரத்தில் கால் பங்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்பது காலேஜ் போர்டின் எதிர்பார்ப்பு. ஆனால் கொரோனா நாட்களில் அவள் பள்ளியில் பெரும்பகுதி திரையில்தான் நடந்தது. ஆசிரியர் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து சில சோதனைகளைச் செய்து காட்டினார். மீதி எல்லாம் கணினிப் பாவனை. 2021 மே மாதத் தேர்வில் 5 வாங்கினாள். அந்த 5 அவள் உழைப்புக்கு முழுக்க உரியது. அதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை.

2021 இலையுதிர் பருவத்தில் கல்லூரி சேர்ந்ததும் நேரே கரிம வேதியியல். சுற்றிலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். முதல் பருவத்தில் பி மைனஸ், அடுத்த பருவத்தில் ஏ மைனஸ். 2023 வசந்தத்தில் உயிர்வேதியியல், அதில் ஏ. வேதியியல் முடிந்தது என்று எண்ணி மற்ற பாடங்களுக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் விண்ணப்பக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். படித்த ஒவ்வொரு பாடத்தையும் மாணவரே வரிவரியாக உள்ளிட வேண்டும். பிறகு பல்கலைக்கழகம் அனுப்பிய அதிகாரபூர்வப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு சராசரி எடுப்பார்கள். ஏ.பி. வரவு கிரெடிட்டாக அதில் ஏறும், சராசரியில் சேராது. மருத்துவக் கல்லூரியின் கண்ணில் அவளுடைய வேதியியல் வரலாறு தொடங்குவது அந்தப் பி மைனஸிலிருந்து. அவள் மிக வலுவாக இருந்த பகுதி அங்கே வெறும் எண்ணிக்கை. மேசையில் இதை விளக்கியபோது அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். சொல்லாமலும் இருக்க முடியாது.

கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை நினைத்து அப்போது நான் கேட்டேன், “கண்ணு, பியூரெட்டைக் கையில் பிடித்திருக்கிறாயா?”

“திரையில் பார்த்திருக்கிறேன் அத்தை. கரிம ஆய்வகத்தில் வடித்திறக்கினோம், படிகமாக்கினோம். பியூரெட் வரவில்லை.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கோவையில் பிளஸ் டூ படித்தபோது பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் செய்தவர் அவர். “கடைசிச் சொட்டில் ரோஜா நிறம் விழுந்து அப்படியே நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் வாத்தியார் மறுபடியும் செய்யச் சொல்லுவார்,” என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “அதைச் செய்யாமலா கெமிஸ்ட்ரி முடித்தாய்?” என்றார். அதன் பிறகு அவர் விதிகளோடு சண்டை போடவில்லை.

பதினெட்டுக் கல்லூரிகள்

அடுத்த இரண்டு வாரம் அவளும் நானும் ஓர் அட்டவணை போட்டோம். மருத்துவக் கல்லூரிகள் சங்கமே எம்.எஸ்.ஏ.ஆர். என்று ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் எந்தப் பாடத்தைக் கட்டாயமாகக் கேட்கிறது, எதைப் பரிந்துரைக்கிறது, ஏ.பி. வரவை ஏற்கிறதா என்று பார்க்கலாம். அதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கல்லூரியின் சொந்தப் பக்கத்தையும் படித்தோம். சுருக்கத்தில் ‘ஏற்கப்படும்’ என்று இருப்பது விரிவில் ‘ஏற்கப்படும், ஆனால்’ என்று மாறுவது உண்டு.

அவள் பட்டியலில் பதினெட்டுக் கல்லூரிகள். ஏழு கல்லூரிகள் வரவை அப்படியே ஏற்றன. பாடத்தின் பெயரும் கிரெடிட்டும் பல்கலைக்கழகப் பட்டியலில் தெளிவாக இருந்தால் போதும். இவளுக்கு அது இருந்தது. சில பல்கலைக்கழகங்கள் பாடப் பெயர் இல்லாமல் மொத்தமாக ‘வேதியியல் 8’ என்று போட்டுவிடுகின்றன; அந்தப் பிள்ளைகள் பதிவாளரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். மூன்று கல்லூரிகள் பாடப் பட்டியலையே வைக்கவில்லை, திறன் இருந்தால் போதும் என்றன. 2009-இல் மருத்துவக் கல்லூரிகள் சங்கமும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பாடங்களை எண்ணுவதை விட்டுத் திறன்களைப் பாருங்கள் என்று சொன்னது. அந்தப் போக்கின் விளைவு இது. ஆறு கல்லூரிகள் மஞ்சள் கோட்டு வகை. மிச்சம் இரண்டு, பள்ளித் தேர்வு வரவை எந்த வடிவிலும் ஏற்பதில்லை. கல்லூரியில் படித்த வேதியியலை மட்டுமே எண்ணும்.

மேல்நிலை என்றால் எது? இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கரிம வேதியியல் பொது வேதியியலைவிட மேலே இருப்பதால் அதையே ஈடாகக் காட்டலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கரிம வேதியியல் தன்னளவிலேயே ஒரு கட்டாயப் பாடம். ஒரு மண்வெட்டி மண்ணைக் கொண்டு இரண்டு குழியை நிரப்ப முடியாது. உயிர்வேதியியலைத் தனியாகக் கேட்கும் கல்லூரியில் அதற்கும் இதே கதிதான். கேட்காத கல்லூரியில் அதை ஈடாகக் காட்டலாம். ஊகித்துக்கொண்டிருப்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று, ஈடு கேட்கும் ஆறும் ஏற்காத இரண்டும் ஆக எட்டுச் சேர்க்கை அலுவலகங்களுக்கும் அவள் மின்னஞ்சல் எழுதினாள். என்னென்ன முடித்திருக்கிறேன், என்னென்ன எடுக்கத் திட்டம், இது போதுமா என்று நான்கே வரி. ஆறு இடங்களிலிருந்து பதில் வந்தது. ஒன்று உயிர்வேதியியலை ஒரு பருவத்துக்கு ஈடாக ஏற்றது. நான்கு, ஆய்வகத்தோடு கூடிய இரண்டு பாடங்கள் வேண்டும் என்றன. பள்ளி வரவை ஏற்காத இரண்டில் ஒன்று, பொது வேதியியலையே திரும்பப் படிக்க வேண்டியதில்லை, கனிம வேதியியலும் பகுப்பாய்வு வேதியியலும் அந்த இடத்தை நிரப்பும் என்று எழுதியது. எல்லாப் பதில்களையும் ஒரு கோப்பில் வைக்கச் சொன்னேன். சேர்க்கை அலுவலகத்தில் ஆள் மாறலாம், எழுத்து மாறாது.

பொது வேதியியலையே திரும்ப எடுத்துவிட்டால் எல்லாருக்கும் பொருந்துமே என்று அவளுக்கு ஒரு யோசனை. கோடையில் என் வகுப்புக்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவளை என் வகுப்பில் உட்காரவைத்துப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் அது அவளுக்கு நல்லதில்லை. வரவு பெற்ற பாடத்தை மறுபடியும் எடுத்தால் பல பல்கலைக்கழகங்கள் அந்த வரவை நீக்கிவிடும். உயிர்வேதியியலில் ஏ வாங்கியவள் அடிப்படைப் பாடத்தில் ஏ வாங்கினால் விண்ணப்பத்தைப் படிப்பவர் அதில் காண்பதற்கு ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியம், அவளுக்குத் தேவைப்பட்டது அந்தப் பாடமே அல்ல. சமநிலை, அமிலம், காரம், தாங்கல் கரைசல் எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் கையால் செய்து பார்த்து, வந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. அதைக் கற்பிக்கும் பாடம் பகுப்பாய்வு வேதியியல்.

முடிவு இப்படி ஆனது: 2024 வசந்தத்தில் பகுப்பாய்வு வேதியியல், இலையுதிர் பருவத்தில் கனிம வேதியியல், இரண்டும் ஆய்வகத்தோடு, நான்கு நான்கு கிரெடிட். இரண்டாவது பாடம் விண்ணப்பித்த பிறகுதான் நடக்கும். அதனால் பாதகமில்லை. பொதுவாக மருத்துவக் கல்லூரிகள் கேட்பது, வகுப்பில் சேருவதற்குள் முடித்திருக்க வேண்டும் என்பதுதான். நடந்துகொண்டிருக்கும் பாடத்தையும் இனி எடுக்கப்போவதையும் ஆம்காஸிலேயே குறிப்பிட இடம் உண்டு.

0.01 மில்லிலிட்டர்

பகுப்பாய்வு ஆய்வகம் வாரம் ஒரு முறை, நான்கு மணி நேரம். முதல் பெரிய வேலை, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற வெள்ளை உப்பை அடுப்பில் உலர்த்தி, ஈரம் ஏறாமல் ஆறவைத்து, பத்தாயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடை போட வேண்டும். தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தபடி மூச்சு விட்டாலே கடைசி இலக்கம் ஆடும். அவள் எடுத்தது 0.5106 கிராம். அதை நீரில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டைத் திறந்தாள். முதல் குடுவை அடர்ந்த இளஞ்சிவப்பாகிவிட்டது. அளவு தாண்டிவிட்டது, கொட்ட வேண்டியதுதான். இரண்டாவதிலும் அப்படியே.

அன்றிரவு அழைத்தாள். “அத்தை, எண்ட் பாயிண்ட் எப்போது வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 25 மில்லிலிட்டர் பக்கத்தில் வரும் என்று தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை.”

அரைச் சொட்டு விடும் முறையைச் சொன்னேன். குழாயை மிக லேசாகத் திருப்பினால் நுனியில் சொட்டு திரண்டு தொங்கும். விழுவதற்குள் மூடிவிட வேண்டும். தொங்குவதைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரைப் பீச்சி உள்ளே இறக்க வேண்டும். வெள்ளைத் தாளை அடியில் வைத்தால் நிறம் முதலில் தெரியும் கணத்தைப் பிடிக்கலாம். சாயல் முப்பது விநாடி நின்றால் முடிந்தது. அடுத்த வாரம் தொடக்க அளவு 0.32, இறுதி அளவு 25.19. செலவானது 24.87 மில்லிலிட்டர், செறிவு 0.1005 மோலார். பியூரெட்டில் கோடு பத்தில் ஒரு மில்லிலிட்டருக்குத்தான் இருக்கும். நூறில் ஒன்றைக் கண்தான் சொல்ல வேண்டும். அந்த 24.87-இல் இருக்கும் 7 அவளுடைய சொந்தத் தீர்ப்பு. ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அண்ணனுக்கும் அனுப்பியிருந்தாள். மருந்தளவைத் தசமப் புள்ளியோடு எழுதப்போகிற ஒரு கைக்கு இந்தப் பயிற்சி வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு பலனும் கிடைத்தது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வில் வேதியியல், இயற்பியல் அடித்தளங்களுக்கென ஒரு பகுதி உண்டு: 95 நிமிடம், 59 வினாக்கள். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு பொது வேதியியல், 15 விழுக்காடு கரிம வேதியியல். கரிமத்தைவிட இரு மடங்கு. பள்ளியில் முடித்துத் தாண்டி வந்த பிள்ளைகள் மூன்றாண்டு கழித்து அங்கேதான் திணறுகிறார்கள். ஜனவரியில் அவள் எழுதிய மாதிரித் தேர்வில் இந்தப் பகுதிக்கு 124. அதன் மதிப்பெண் 118-இல் தொடங்கி 132 வரைதான் போகும். மின்வேதியியல் சுத்தமாக மறந்திருந்தது. பகுப்பாய்வுப் பாடத்தில் தாங்கல் கரைசலும் மின்முனையும் வாராவாரம் வந்தன. மே இறுதியில் எழுதிய உண்மைத் தேர்வில் 129. எல்லாப் பெருமையையும் அந்தப் பாடத்துக்கே கொடுக்க மாட்டேன். அவள் விடியற்காலை எழுந்து படித்தவள்.

பகுப்பாய்வில் ஏ. ஜூனில் விண்ணப்பம் போனது.

அதன் பிறகு

நாடு முழுதும் ஓராண்டில் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது சுமார் 23,000 பேருக்கு. பதினெட்டில் நான்கு கல்லூரிகள் நேர்முகத்துக்கு அழைத்தன. ஒரு நேர்முகத்தில் அந்தப் பி மைனஸைப் பற்றிக் கேட்டார்கள். பள்ளியிலிருந்து நேரே அந்த வகுப்புக்குப் போனதையும், ஆய்வகப் பழக்கம் இல்லாததைப் பிறகு உணர்ந்து பகுப்பாய்வு வேதியியல் எடுத்ததையும், முதல் இரண்டு குடுவைகளைக் கொட்டியதையும் சொன்னாள். கேட்டவர் ஒரு சிறுநீரக மருத்துவர். அமில கார சமநிலையைப் பற்றியே மீதி நேரம் போயிற்று என்றாள்.

2025 பிப்ரவரியில் இடம் உறுதியானது. மஞ்சள் கோடு போட்டிருந்த அந்தக் கல்லூரியில் அல்ல. பள்ளி வரவை ஏற்காத இரண்டில், பதில் எழுதியிருந்த அந்த ஒன்றில்.

இத்தனைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அக்டோபரில் அந்தத் தாள் கண்ணில் படாமல், மறு ஆண்டு ஜூனில் பட்டிருந்தால் ஓராண்டைத் தள்ளிப் போட வேண்டியிருந்திருக்கும். முதலாண்டு முதல் வாரத்திலேயே ப்ரீமெட் ஆலோசகரிடம் போய், என் ஏ.பி. வரவுக்கு ஈடாக எதை, எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் பாரம் நான்காண்டுக்கும் பரவியிருக்கும். கரிம வேதியியலுக்கு முன்பே பகுப்பாய்வு வேதியியலை முடிக்க வழி இருந்தது. பாதி தாண்டல் என்றும் ஒரு வழி உண்டு: முதல் பருவத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டாம் பருவப் பொது வேதியியலை ஆய்வகத்தோடு எடுப்பது. கல்லூரிக்குப் புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது உறுத்தாத தொடக்கம். அண்ணன் மகன் இப்போது பதினோராம் வகுப்பில் ஏ.பி. வேதியியல் படிக்கிறான். அவனுக்கு நான் சொல்லியிருப்பது இந்தப் பாதி தாண்டலைத்தான். அக்காவைப் போல முழுக்கத் தாண்டப்போவதாக அவன் சொல்கிறான். அப்படியானால் பகுப்பாய்வு வேதியியலை எந்தப் பருவத்தில் எடுப்பாய் என்று எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறேன்.

2025 ஜூனில் அவள் சேரவிருந்த கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு கட்டாயப் பாடத்துக்கும் எதிரே, எந்தப் பாடத்தால் அதை நிறைவு செய்தீர்கள் என்று எழுத வேண்டும். பொது வேதியியல், ஆய்வகத்துடன், இரண்டு பருவம் என்ற வரிக்கு எதிரே அவள் ஏ.பி. என்று எழுதவில்லை. பகுப்பாய்வு வேதியியல், கனிம வேதியியல் என்று எழுதி, முன்பு வந்த மின்னஞ்சல் பதிலையும் இணைத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் அந்த வரிக்கு எதிரே ‘நிறைவு’ என்று குறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.